655360 பைட்டுக்குள் ஒரு காலம்

'செக்டிஸ்க்' என்று தட்டி என்டர் அழுத்தினால் திரையின் அடியில் இரண்டு வரிகளில் நினைவகக் கணக்கு வரும். முதல் வரியில் 655360 என்று இருந்தால் மெஷின் நலம். 653312 என்று காட்டினால், யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்த பிளாப்பி வழியாக 'ஸ்டோன்டு' வைரஸ் ஏறி 2 கே.பி.யைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது என்று பொருள். வைரஸ் ஒழிப்பு மென்பொருள் எல்லாரிடமும் இல்லாத நாட்களில் கை பார்த்து நாடி சொல்வதுபோல் இந்த எண்ணைப் பார்த்தே நோயைச் சொன்னார்கள். 640-ஐ 1024-ஆல் பெருக்கினால் வருவது 655360. ஒரு தலைமுறைக் கணினிக்காரர்களுக்கு இந்த எண் மனப்பாடம்.

மலர்க் குழுவினர் நம் கணினிக் கூடத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். கட்டடம் எப்போது எழும்பியது, யார் யார் பொறுப்பு வகித்தார்கள், எத்தனை மெஷின் வாங்கினோம் என்பதெல்லாம் ஆண்டறிக்கைகளில் இருக்கிறது. அதை வேறொரு நண்பர் தொகுக்கிறார். நான் எடுத்துக்கொண்டது, அந்தக் கூடத்துக்குள் ஒருநாளும் காலடி வைக்காமலே அதை ஆண்டவர்களின் வரலாறு. செருப்பை வெளியே விட்டு, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, ஏ.சி. அறைக்குள் போய் உட்கார்ந்த மாணவர் எவ்வளவு பெரிய நிரல் எழுதலாம், எத்தனை பேருடைய விவரத்தைக் கோப்பில் சேர்க்கலாம், ஹார்டு டிஸ்க்கை எத்தனையாகப் பிரிக்க வேண்டும் என்பதையெல்லாம் கலிபோர்னியாவின் பசிபிக் குரோவிலும், சியாட்டிலிலும், ஃபுளோரிடாவின் போக்கா ரேட்டானிலும் சிலர் முன்கூட்டியே முடிவுசெய்திருந்தார்கள். அந்த முடிவுகளை முட்டாள்தனம் என்று சிரிப்பது இன்றைக்கு எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. எல்லை போட்டபோது ஒவ்வொன்றும் தாராளமாகத்தான் இருந்தது. பழைய நிரல் எதுவும் நின்றுவிடக் கூடாது என்ற பிடிவாதம்தான் அவற்றை அகற்ற முடியாத சுவர்களாக்கியது.

கில்டாலின் 64 கே.பி.

1974-இல் கேரி கில்டால் மான்டரேயில் உள்ள அமெரிக்கக் கடற்படை முதுநிலைப் பள்ளியில் ஆசிரியர். இன்டெல் நிறுவனத்துக்கு ஆலோசகரும்கூட. இன்டெல் 8080 செயலிக்காக அவர் எழுதிய சி.பி.எம். என்ற இயங்குதளம்தான் தனிநபர் கணினிகளில் முதலில் பரவலாக ஓடியது. அதை விற்க, மனைவி டோரதியுடன் சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் டிஜிட்டல் ரிசர்ச் என்று பெயர் பெற்றது.

8080 செயலிக்கு முகவரிக் கம்பிகள் 16. அதனால் அது எட்டிப் பார்க்கக்கூடிய நினைவகம் 65,536 பைட், அதாவது 64 கே.பி. இயங்குதளம் நினைவகத்தின் உச்சியில் போய் உட்காரும். கீழே முதல் 256 பைட்டை நடைமுறைத் தேவைகளுக்கு ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் நிரலை ஏற்றும். எட்டு அங்குல பிளாப்பி ஒன்றில் ஏறத்தாழ 250 கே.பி. கொள்ளும். சி.பி.எம். கோப்பின் அளவைப் பைட் கணக்கில் எழுதி வைக்கவில்லை. 128 பைட் கொண்ட பதிவுகள் எத்தனை என்றுதான் எண்ணியது. அப்படியானால் கடைசிப் பதிவில் எழுத்து எந்த இடத்தில் முடிகிறது என்று எப்படித் தெரியும்? கன்ட்ரோல்-இசட் குறியைப் போட்டு முடிவைக் காட்டினார்கள். 1979-இல் வந்த 2.2 பதிப்பில் ஒரு கோப்பு 8 எம்.பி. வரை வளரலாம். பதிவு எண்ணுக்கு 16 பிட், பதிவுக்கு 128 பைட் என்று பெருக்கினால் வருவது அதுதான். பிளாப்பியே கால் எம்.பி. இருந்த காலத்தில் இது யார் கண்ணிலும் எல்லையாகப் படவில்லை.

இந்த 256-ஆவது பைட்டையும் கன்ட்ரோல்-இசட்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் மைக்ரோசாஃப்ட் விற்ற டாஸ் இயங்குதளத்தில் 'காம்' என்று முடியும் நிரல்கள் கடைசிவரை 256-ஆவது பைட்டில்தான் தொடங்கின, 64 கே.பி.க்கு மேல் அவை வளர முடியவில்லை. டாஸ் கோப்பின் அளவைப் பைட் துல்லியமாக எழுதி வைத்தது. ஆனாலும் 'டைப்' கட்டளை கன்ட்ரோல்-இசட்டைக் கண்டால் அதோடு நின்றுவிடும். இரண்டு கோப்புகளைக் கூட்டல் குறி போட்டு 'காப்பி' கட்டளையால் ஒட்டியவர்களில் எத்தனை பேர் பாதிக் கோப்பை இழந்தார்களோ! நடுவில் 26 என்ற பைட் வந்தால் அங்கேயே முடிந்தது என்று அந்தக் கட்டளை நினைத்துக்கொள்ளும். பசிபிக் குரோவில் கில்டால் 128 பைட்டைக் கணக்காக வைத்ததற்கான விலையைப் பல ஆண்டு கழித்து வேறொரு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் கொடுத்தார்கள்.

பத்து மடங்கு

1978-இல் இன்டெல் 8086 வந்தது. ஸ்டீபன் மோர்ஸ் வடிவமைத்த இந்தச் செயலிக்கு முகவரிக் கம்பிகள் 20. எட்டக்கூடிய நினைவகம் ஒரு எம்.பி. ஆனால் உள்ளே இருந்த பதிவகங்கள் 16 பிட்தான். அதனால் நினைவகத்தை 64 கே.பி. துண்டங்களாகப் பார்க்கும் ஏற்பாடு வந்தது. துண்டத்தின் எண்ணை 16-ஆல் பெருக்கி, அதோடு துண்டத்துக்குள் உள்ள தூரத்தைக் கூட்டினால் முகவரி கிடைக்கும். 8080-க்கு எழுதிய நிரல்களை எளிதாக மாற்றிக்கொள்ள இது வழிவிட்டது. 64 கே.பி. என்ற பழைய அளவு புதிய செயலிக்குள்ளும் குடியேறியதும் இதனால்தான். அன்று ஜி.டபிள்யூ. பேசிக்கைத் திறந்தவர்கள் முதல் திரையில் 60300 பைட் மிச்சம் என்று கண்டிருப்பார்கள். மெஷினில் 640 கே.பி. இருந்தாலும் பேசிக் நிரலுக்குக் கிடைத்தது ஒரு துண்டம்தான். டர்போ பாஸ்கலின் முதல் மூன்று பதிப்புகளும் 64 கே.பி.க்குள் அடங்கும் 'காம்' கோப்பைத்தான் உண்டாக்கின. 1987-இல் நான்காவது பதிப்பு வந்த பிறகே பெரிய நிரலுக்கு வழி பிறந்தது.

8086-க்கான சி.பி.எம். தாமதமாகிக்கொண்டே போனது. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் 8086 பலகைகளைச் செய்து வைத்துக்கொண்டு, அவற்றில் ஓட்ட இயங்குதளம் இல்லாமல் தவித்தது. அங்கே வேலை பார்த்த டிம் பேட்டர்சன் 1980-இல் தானே ஒன்றை எழுதினார். முதலில் அதன் பெயர் கியூடாஸ், பிறகு 86-டாஸ். சி.பி.எம். நிரல்களை மாற்றிக் கொண்டுவர வசதியாக அதன் அழைப்பு முறைகளை அப்படியே வைத்துக்கொண்டார். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறையை மட்டும் மைக்ரோசாஃப்டின் பேசிக்கிலிருந்து எடுத்தார். மார்க் மெக்டொனால்டு 1977-இல் செய்த ஃபேட் என்ற அட்டவணை அது. மெக்டொனால்டு ஒவ்வோர் இடத்துக்கும் 8 பிட் கொடுத்திருந்தார். பேட்டர்சன் அதை 12 ஆக்கினார். ஒரு டிஸ்க்கில் நாலாயிரம் சொச்சம் கிளஸ்டர்களை, அதாவது கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் அலகுகளை, எண்ணலாம் என்றாயிற்று. மைக்ரோசாஃப்ட் முதலில் உரிமம் வாங்கியது. 1981 ஜூலையில் 50,000 டாலர் கொடுத்து முழுவதையும் தனதாக்கிக்கொண்டது; அதுவே எம்.எஸ்.டாஸ்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 12-ஆம் நாள் ஐ.பி.எம். பி.சி. வெளியானது. டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் போக்கா ரேட்டானில் ஒரு சிறு குழு அதை உருவாக்கியிருந்தது. அடிப்படை விலை 1,565 டாலர். அதற்குக் கிடைத்த நினைவகம் 16 கே.பி. தாய்ப்பலகையில் அதிகபட்சம் 64 கே.பி. செருகலாம். பிளாப்பி ஒரு பக்கம் மட்டும் எழுதும், 160 கே.பி. கொள்ளும். பிளாப்பி வாங்கப் பணம் இல்லாதவர்களுக்கு கேசட் டேப் ரெக்கார்டரை மாட்ட ஒரு துளை.

ஒரு எம்.பி. முகவரியைப் பதினாறு கூறாகப் பிரித்து, கீழ்ப் பத்தை நிரல்களுக்கும் மேல் ஆறைத் திரை, ரோம் என்ற நிலை நினைவகம், பிற்காலப் பலகைகள் ஆகியவற்றுக்கும் ஐ.பி.எம். ஒதுக்கியது. பத்துக் கூறு 640 கே.பி. அதற்கு முந்தைய தலைமுறை மெஷின்களின் உச்சமே 64. பத்து மடங்கு கொடுத்தவர்களைக் கஞ்சர்கள் என்று எப்படிச் சொல்வது? முதல் பி.சி.களில் இருந்த பயாஸ் நிரலே 544 கே.பி.க்கு மேல் எண்ணவில்லை; அதைக்கூட அன்று பெரும்பாலோர் கவனிக்கவில்லை, அவ்வளவு நினைவகம் வாங்க யாரிடம் காசு இருந்தது?

இந்தச் சுவரை எழுப்பியது டாஸ் என்றுதான் இன்றும் பலர் நினைக்கிறார்கள். விக்டர் 9000 என்ற மெஷினில் இதே எம்.எஸ்.டாஸ் 896 கே.பி. வரை ஓடியது. வரம்பு ஐ.பி.எம். வரைந்த வரைபடத்தில் இருந்தது. சந்தையை ஐ.பி.எம். ஒத்த மெஷின்கள் பிடித்ததும் அந்த வரைபடமே விதியானது. 640 கே.பி. எல்லாருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு வாசகம் ஊர் ஊராகச் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் எங்கும் இல்லை, அவரும் மறுத்திருக்கிறார். 1989-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பேசியபோது அவர் சொன்னது வேறு. 64-லிருந்து 640-க்குப் போனது நெடுநாள் தாங்கும் என்று தோன்றியது, ஆனால் ஆறு ஆண்டிலேயே சிக்கலானது என்றார். இது ஒப்புக்கொள்ளத்தக்க பேச்சு. மேடைப் பேச்சுகளில் அந்தப் பொய் வாசகத்தை இனியாவது விட்டுவிடலாம்.

இரண்டு பைட்டும் நான்கு பைட்டும்

1983 மார்ச்சில் பி.சி. எக்ஸ்.டி. மெஷினோடு டாஸ் 2.0 வந்தது. பத்து எம்.பி. ஹார்டு டிஸ்க், கோப்புறைக்குள் கோப்புறை, கான்ஃபிக்.சிஸ் என்ற அமைப்புக் கோப்பு எல்லாம் இதிலிருந்துதான். 12 பிட் ஃபேட் நாலாயிரம் கிளஸ்டருக்கு மேல் எண்ணாது என்பதால் பத்து எம்.பி.யைச் சமாளிக்க ஒவ்வொரு கிளஸ்டரையும் 4096 பைட் ஆக்கினார்கள். ஒரே ஒரு எழுத்தைச் சேமித்தாலும் அது நாலாயிரத்துச் சொச்சம் பைட்டைத் தின்னும். 1984 ஆகஸ்டில் பி.சி. ஏ.டி.யும் டாஸ் 3.0-வும் வந்தபோது ஃபேட் 16 பிட்டாக வளர்ந்தது. கிளஸ்டர் 2 கே.பி.யாகச் சுருங்கியது. ஏ.டி.யின் ஹார்டு டிஸ்க் 20 எம்.பி.; ஆகவே எல்லாருக்கும் திருப்தி.

அடுத்த சுவர் அதே இடத்தில் ஒளிந்திருந்தது. டிஸ்க்கில் மொத்தம் எத்தனை செக்டர் என்று எழுதும் இடத்துக்கு இரண்டே பைட். 65,536 செக்டர், செக்டருக்கு 512 பைட்: 32 எம்.பி. அதற்கு மேல் டாஸ் பார்க்காது. நாற்பது எம்.பி. டிஸ்க்குகள் சந்தைக்கு வந்தபோது, 1987 ஏப்ரலில் வெளியான டாஸ் 3.3 ஒரு ஒட்டுப்போட்ட தீர்வு கொடுத்தது. ஒரே டிஸ்க்கைப் பல பார்ட்டிஷனாக வெட்டி, சி என்றும் டி என்றும் பெயர் வைத்துக்கொள்ளலாம். 32 எம்.பி.யில் சி, மிச்சம் எட்டில் டி என்று பிரிக்கப்பட்ட மெஷின்களை இந்த மலரைப் படிக்கும் பழைய மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சி-யில் டாஸும் மென்பொருள்களும், டி-யில் நம் வேலை என்று பிரித்து வைக்கும் வழக்கம் பல அலுவலகங்களில் இன்றும் தொடர்கிறது; அதற்கு இந்த இரண்டு பைட்டும் ஒரு காரணம்.

செக்டர் எண்ணிக்கையை நான்கு பைட்டாக்கும் துணிவு முதலில் வந்தது மைக்ரோசாஃப்டுக்கு அல்ல, ஹூஸ்டனில் இருந்த காம்பேக்குக்கு. 1987 நவம்பரில் அது தன் மெஷின்களோடு கொடுத்த டாஸ் 3.31, 32 எம்.பி. தடையைத் தாண்டியது. மறு ஆண்டு டாஸ் 4.0 அதை எல்லாருக்கும் கொண்டுவந்தது. ஆனால் நான்காம் பதிப்பு நினைவகத்தைக் கூடுதலாக விழுங்கியது, பிழைகளும் நிறைய. பலர் அதைத் தொடாமல் 3.3-இலேயே தங்கிவிட்டார்கள். அடுத்த எல்லை 2 ஜி.பி.; அங்கே கிளஸ்டர் 32 கே.பி. ஒரு வரிக் கடிதத்துக்கு 32 கே.பி.!

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வியப்பான இடம் ஒன்று உண்டு. டாஸின் அடைவில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் கொண்ட ஒரு பதிவு. எட்டு எழுத்துப் பெயர், மூன்று எழுத்து நீட்டிப்பு, தேதி, தொடக்கக் கிளஸ்டர் ஆகியவற்றோடு, கடைசி நான்கு பைட் கோப்பின் அளவுக்கு. நான்கு பைட்டில் எழுதக்கூடிய அதிகபட்ச எண் 4,294,967,295. பிளாப்பி 160 கே.பி. கொண்ட காலத்தில், ஒரு கோப்பு 4 ஜி.பி. வரை வளரலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள். அதே இயங்குதளத்தில் டிஸ்க்கின் செக்டர் கணக்குக்கு இரண்டு பைட் மட்டும். கோப்பில் தாராளம், டிஸ்க்கில் சிக்கனம். இரண்டு பைட் கூடுதலாகக் கொடுத்திருந்தால் 32 எம்.பி. சண்டையே இல்லை. எதிர்காலத்தை அவர்கள் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு கண்ணால் மட்டும் பார்த்தார்கள் என்பதே என் தீர்ப்பு.

640-க்கு மேலே

நினைவகச் சண்டைதான் மிக நீளமானது, மிகச் சுவையானதும்கூட. அதைத் தொடங்கி வைத்தது ஒரு கணக்குத் தாள். 1983 ஜனவரியில் மிட்ச் கேபோரின் லோட்டஸ் நிறுவனம் 1-2-3 என்ற விரிதாளை வெளியிட்டது. ஜொனதன் சாக்ஸ் அசெம்பிளி மொழியில் எழுதிய அது மின்னலாக ஓடியது; முழுத் தாளையும் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டது. கணக்கர்கள் தாளைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். ஒருநாள் நினைவகம் தீர்ந்தது என்ற செய்தி வந்தது. 1984-இல் போர்லாண்டின் சைடுகிக் வந்தபோது நெருக்கடி இன்னும் கூடியது. அது நினைவகத்திலேயே படுத்திருந்து, விசையை அழுத்தியதும் எழுந்து வரும். அதைப் பின்பற்றி ஆயிரம் குட்டி நிரல்கள் வந்து 640-க்குள் இடம் பிடித்தன.

1985-இல் லோட்டஸும் இன்டெல்லும் சேர்ந்து ஒரு வழி கண்டன. மைக்ரோசாஃப்டும் பின்னர் சேர்ந்துகொண்டது. மூன்று நிறுவனங்களின் முதலெழுத்தைச் சேர்த்து அதை லிம் என்பார்கள். முறையின் பெயர் இ.எம்.எஸ். 640-க்கு மேல் ஒதுக்கப்பட்ட பகுதியில் 64 கே.பி. அகலத்துக்கு ஒரு சன்னலைத் திறந்து, தனிப் பலகையில் இருக்கும் நினைவகத்தைப் பதினாறு பதினாறு கே.பி.யாக அந்தச் சன்னலில் மாற்றி மாற்றிக் காட்டுவது. 3.2 பதிப்பில் 8 எம்.பி., 1987-இல் வந்த 4.0-வில் 32 எம்.பி. வரை இப்படிப் பார்க்கலாம். புத்திசாலித்தனம்தான். ஆனால் நிரல் எழுதுபவர் எந்தப் பக்கம் சன்னலில் இருக்கிறது என்று கணந்தோறும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் பி.சி. ஏ.டி.யில் இருந்த 80286 செயலிக்கு முகவரிக் கம்பிகள் 24, 16 எம்.பி. வரை நேரடியாகவே எட்டும். ஆனால் அதற்குப் பாதுகாப்பு முறை என்ற வேறு நிலைக்குள் போக வேண்டும். போன பிறகு டாஸ் ஓடும் பழைய நிலைக்குத் திரும்ப 286-இல் வழி வைக்கவில்லை. செயலியை மறுபடி தொடக்க நிலைக்குத் தள்ளித்தான் திரும்ப முடியும். அந்த வேலையை ஏ.டி.யில் யாரிடம் ஒப்படைத்தார்கள் தெரியுமா? கீபோர்டைக் கவனிக்கும் சில்லுவிடம். மாடியைக் கட்டி முடித்துவிட்டு, ஏறியவர் இறங்க வேண்டுமானால் தெருவாசல் வழியாக மறுபடி வரவேண்டும் என்று கட்டிய வீடு அது.

அதே கீபோர்டுச் சில்லுக்கு இன்னொரு பொறுப்பும் கிடைத்தது. முதல் பி.சி.யில் இருந்த 8088 செயலியில் முகவரி ஒரு எம்.பி.யைத் தாண்டினால் சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கு வந்துவிடும். சி.பி.எம். காலத்து அழைப்பு முறையை டாஸில் காப்பாற்றி வைத்திருந்த ஏற்பாடு அந்தச் சுற்றலை நம்பியே இயங்கியது. 286-இல் முகவரி சுற்றாது, நேராக மேலே போகும். பழைய நிரல்கள் நின்றுபோகக் கூடாதே என்று, இருபத்தோராவது முகவரிக் கம்பியை வேண்டும்போது முடக்கி வைக்க ஐ.பி.எம். ஒரு கதவு போட்டது. ஏ20 கதவு என்பது அதன் பெயர். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் இருபத்தோராவது கம்பி ஏ20. கில்டால் 8080-க்காக வகுத்த ஒரு பழக்கத்தைக் காப்பாற்றப் போட்ட அந்தக் கதவை இன்டெல் செயலிகள் 2010-களின் தொடக்கம் வரை சுமந்தன.

ஆனால் அந்தக் கதவைத் திறந்து வைத்தால் ஒரு லாபம் உண்டு என்று பிறகு கண்டுபிடித்தார்கள். ஒரு எம்.பி.க்கு மேல் 65,520 பைட்டை, பாதுகாப்பு முறைக்குப் போகாமலே எட்டலாம்! 1988-இல் வகுத்த எக்ஸ்.எம்.எஸ். விதிமுறையும் ஹைமெம்.சிஸ் என்ற கோப்பும் அந்த இடத்தைப் பயன்படுத்த வழிசெய்தன. 386 செயலி வந்த பிறகு, 640-க்கும் ஒரு எம்.பி.க்கும் இடையில் காலியாகக் கிடந்த சந்துபொந்துகளிலும் நினைவகத்தைப் பொருத்த முடிந்தது. குவார்ட்டர்டெக் நிறுவனத்தின் கியூஎம் என்ற மென்பொருள் அதில் பெயர் வாங்கியது. இந்த வசதிகளை இயங்குதளத்துக்குள்ளேயே 1990-இல் கொண்டுவந்தது டி.ஆர்.டாஸ் 5.0. அதை வெளியிட்டது டிஜிட்டல் ரிசர்ச், கில்டால் தொடங்கிய அதே நிறுவனம். சந்தையை இழந்தவர் வழிகாட்டினார், வென்றவர் பின்தொடர்ந்தார். 1991 ஜூனில் மைக்ரோசாஃப்ட் தன் டாஸ் 5.0-ஐ வெளியிட்டது. இயங்குதளமே ஒரு எம்.பி.க்கு மேலே ஏறி உட்கார்ந்ததால் நிரல்களுக்கு 600 கே.பி.க்கு மேல் கிடைத்தது.

அதன் பிறகு கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்செக்.பேட் என்ற இரண்டு கோப்புகளைத் திருத்துவது ஒரு தனிக் கலையாயிற்று. எந்த டிரைவரை மேலே ஏற்றுவது, எதை முதலில் ஏற்றினால் இரண்டு கே.பி. மிச்சமாகும் என்று கணக்குப் போட்டே மாலைகள் கழிந்தன. மவுஸ் டிரைவருக்கும் சவுண்ட் கார்டு டிரைவருக்கும் இடையில் யாரைக் கீழே விடுவது என்று வாதம் நடக்கும். டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருள் ஓட வேண்டுமானால் ஒரே நேரத்தில் திறக்கும் கோப்புகள் 20 என்று எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் டாஸ் எட்டோடு நிறுத்திக்கொள்ளும். இந்த வித்தை தெரிந்தவருக்குக் கூடத்தில் இருந்த மதிப்பு, பாடம் நடத்தும் ஆசிரியருக்குக்கூட இருந்ததில்லை. இப்போது யோசித்தால், அவ்வளவு அறிவும் ஒரு வரைபடத்தின் ஓரத்தில் உள்ள சில கே.பி.க்காகச் செலவழிந்தது என்பது வருத்தமே.

கோப்புக்குள் வந்த எல்லைகள்

இயங்குதளம் விட்டாலும் மென்பொருள் விடாது. டிபேஸ் 2-இல் ஒரு கோப்புக்கு அதிகபட்சம் 65,535 பதிவுகள், பதிவுக்கு 32 புலங்கள். டாஸோடு வந்த எட்லின் என்ற வரித் தொகுப்பி, கோப்பு பெரிதாக இருந்தால் நினைவகத்தின் முக்கால் பங்கு நிரம்பும் வரை படித்துவிட்டு நின்றுகொள்ளும். முதல் பகுதியை எழுதி அனுப்பிவிட்டு அடுத்த பகுதியை நாம்தான் அழைக்க வேண்டும். வேர்ட்ஸ்டார் தன் நிரலையே துண்டுகளாக்கி பிளாப்பியில் வைத்திருந்து, தேவைப்படும்போது ஏற்றிக்கொண்டது. அந்தப் பிளாப்பியை டிரைவிலிருந்து எடுத்துவிட்டால் வேலை நின்றது. விண்டோஸ் 3.1-இல் எத்தனை எம்.பி. நினைவகம் சும்மா இருந்தாலும் 'நினைவகம் போதவில்லை' என்று வருமே, அதற்கும் 64 கே.பி.தான் காரணம். சன்னல்களையும் வரைகருவிகளையும் பற்றிய குறிப்புகளை அந்த அளவுள்ள ஓரிரு பகுதிகளுக்குள் அது அடைத்து வைத்திருந்தது. விண்டோஸ் 98-இன் நோட்பேடு கூட 64 கே.பி.க்கு மேல் கோப்பைத் திறக்காமல் வேர்ட்பேடுக்குத் தள்ளிவிட்டது.

தமிழுக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பது அந்தக் காலத்து எல்லை; 256 இடத்தில் ஆங்கிலமும் குறிகளும் பாதியை எடுத்துக்கொள்ள, மிச்சப் பாதிக்குள் தமிழை அடைக்க வேண்டியிருந்தது. 247 எழுத்தையும் தனித்தனியாக வைக்க இடம் இல்லை. ஆகவே கொம்பு, துணைக்கால் என்று பிரித்து அடுக்கினார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய 'முரசு' முதல் பல தமிழ் மென்பொருள்கள் இந்த நெருக்கடிக்குள்தான் பிறந்தன. ஆளுக்கொரு முறையில் அடுக்கியதால் ஒருவர் அனுப்பிய கோப்பு மற்றவரிடம் புரியாத குறிகளாகத் தெரிந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு டேம், டேப் என்ற குறியீட்டுத் தரங்களை ஏற்றது அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான்.

ஆப்பிள்காரர்கள் சிரிக்க வேண்டாம். 1984-இல் வந்த மேக்கின்டாஷில் 128 கே.பி. நினைவகம், 400 கே.பி. பிளாப்பி. அதன் செயலி முகவரியில் 24 பிட்டை மட்டுமே பயன்படுத்தியதால், மிச்சம் எட்டு பிட்டில் நிரலாளர்கள் தங்கள் குறிப்புகளை எழுதி வைத்தார்கள். 1991-இல் சிஸ்டம் 7 முழு 32 பிட்டையும் திறந்தபோது அந்த நிரல்கள் பல தடுமாறின. நோய் ஒன்றே.

டாஸ் உலகில் சுவரைத் தாண்டிக் குதிக்க வைத்தவை விளையாட்டுகள். 1993 டிசம்பரில் வந்த 'டூம்', டாஸை வெறும் படிக்கட்டாக ஆக்கிக்கொண்டது. டாஸ்/4ஜி.டபிள்யூ. என்ற நீட்டிப்பின் உதவியால் 386-இன் 32 பிட் நிலைக்குள் நேராகப் போய் 4 எம்.பி. நினைவகத்தையும் ஒரே வெளியாகப் பயன்படுத்தியது. இரண்டு ஆண்டு கழித்து விண்டோஸ் 95 வந்தது. சாதாரணப் பயனருக்கு 640 என்ற எண்ணை நினைத்துப் பார்க்கும் தேவை மெல்ல மறைந்தது. கில்டால் அதைப் பார்க்கவில்லை. 1994 ஜூலையில் மான்டரேயில் காலமானார்.

இன்றும் ஓடும் கணக்கு

1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்போடு ஃபேட்32 வந்தது. கிளஸ்டர் எண்ணை 32 பிட் இடத்தில் எழுதியதால் 2 ஜி.பி. எல்லை போயிற்று. ஆனால் அடைவுப் பதிவின் 32 பைட் அமைப்பை மாற்றவில்லை. கோப்பின் அளவுக்கு 1981-இல் ஒதுக்கிய அதே நான்கு பைட். ஃபேட்32-இல் உள்ள பென் டிரைவில் கல்யாண வீடியோவை ஏற்றும்போது, இடம் நிறைய இருந்தும் கோப்பு மிகப் பெரிது என்று மறுக்கிறதே, அந்த மறுப்பைச் சொல்வது இந்த நான்கு பைட்தான். மைக்ரோசாஃப்ட் 2006-இல் அறிமுகப்படுத்திய எக்ஸ்ஃபேட் முறையில் கோப்பின் அளவுக்கு எட்டு பைட் உண்டு. பென் டிரைவை அதில் ஃபார்மட் செய்துகொண்டால் இந்தத் தடை இருக்காது. பழைய டி.வி.களும் கார் ஸ்டீரியோக்களும் மட்டும் அதைப் படிக்க மறுக்கலாம்.

பழையதைக் கைவிடாத பிடிவாதத்தை இவ்வளவு நேரம் குறை சொன்னேன். அதன் பயனையும் சொல்ல வேண்டும். 1980-களில் எழுதிய ஃபேட் பிளாப்பியை இன்றைய விண்டோஸும் லினக்ஸும் அப்படியே படிக்கின்றன. டிபேஸ் கோப்புகளை லிப்ரே ஆஃபீஸ் திறக்கிறது. எம்.எஸ்.டாஸின் தொடக்கப் பதிப்புகளின் மூல நிரலை 2014-இல் அமெரிக்காவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது; 2024-இல் நான்காம் பதிப்பின் மூல நிரலையும் மைக்ரோசாஃப்ட் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். இன்றைய மாணவர்கள் படித்தே ஆக வேண்டும் என்பேன். நான்கு பைட்டுக்கும் இரண்டு பைட்டுக்கும் நடுவில் ஒரு நிரலாளர் எடுக்கும் முடிவு எத்தனை ஆண்டு உயிரோடிருக்கும் என்பதைப் பாடநூல் இந்த அளவுக்குக் காட்டாது.

பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ புராஜெக்ட் பிளாப்பிகள் இருந்தால் இனியும் தள்ளிப்போடாதீர்கள். காந்தப் பூச்சு உதிர்ந்துகொண்டே வருகிறது, பூஞ்சையும் பிடிக்கிறது. மூன்றரை அங்குல பிளாப்பிக்கு யு.எஸ்.பி. டிரைவ்கள் கிடைக்கின்றன. ஐந்தேகால் அங்குல பிளாப்பியை அவற்றில் போட முடியாது. அதற்குப் பழைய டிரைவும் அதை இணைக்கத் தனி ஏற்பாடும் வேண்டும். ஆகவே ஐந்தேகால் அங்குலத்தை முதலில் கவனியுங்கள். ஐந்தேகால் அங்குல பிளாப்பியின் ஓரத்தில் உள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூடி எழுத்துத் தடை போட்டுவிட்டு, முழு பிளாப்பியையும் ஒரே பிம்பக் கோப்பாகப் படியெடுத்து, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.